பழவேற்காடு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டா தீவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்க வருகிறவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போவது என் வழக்கம். வேன் பொன்னேரியைத் தாண்டும்போதே கேள்விகள் தொடங்கிவிடும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

இது ஏரியா, கடலா? வாயில வெச்சா உப்பு கரிக்குதே!

பெயர்தான் ஏரி. உண்மையில் இது ஒரு காயல், அதாவது கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுதான். தெற்கு வடக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். மழைக்காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும், கோடையில் அதில் பாதி அளவுக்குச் சுருங்கிப்போகும். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குக் கோடி மட்டும் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில்.

தெற்கே ஆரணியாறும், சூளூர்ப்பேட்டைப் பக்கம் காலங்கியாறும், வடமுனையில் சுவர்ணமுகியின் நீரும் வந்து சேர்கின்றன. கடல்நீர் முகத்துவாரங்கள் வழியாக, அதாவது காயல் கடலுக்குத் திறக்கும் வாய்கள் வழியாக வருகிறது. ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். இந்த ஆழமின்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பறவைகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா ஒரு நிலம் தெரியுதே, அது என்ன?

அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் இடமாக எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் முதலில் அது ஒரு மணல் தீவு, வங்காள விரிகுடாவுக்கும் காயலுக்கும் நடுவில் கிடக்கும் நீளமான தடுப்பு. அந்த மணல் அங்கே இல்லையென்றால் பழவேற்காடு ஏரி என்று ஒன்று இருக்காது. வெறும் கடற்கரை வளைவாகத்தான் இருந்திருக்கும்.

ஏரிக்கு உள்ளேயும் தீவுகள் உண்டு. ஆந்திரப் பகுதியில் இரக்கம், வேணாடு போன்றவை. தமிழ்நாட்டுப் பக்கம் பசியாவரம். ராக்கெட் தீவை மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர்கள், ஏரியின் நடுவில் ஊர்களும் பள்ளிக்கூடங்களும் இருப்பதைக் கண்டு வியந்துபோவார்கள்.

எப்படி உண்டாச்சு இது? யாராவது வெட்டினதா?

யாரும் வெட்டவில்லை. கடைசிப் பனியுகம் முடிந்து பனி உருகியதில் கடல்மட்டம் ஏறியது. ஏறக்குறைய 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. பிறகு கரையோர நீரோட்டம் கொண்டுவந்த மணல் மேடு மேடாகச் சேர்ந்து நீளமான திட்டுகளாகி, உள்ளே தங்கிய நீரைக் கடலிலிருந்து பிரித்தது. ஏரியின் அடிச்சேற்றில் கிடைக்கும் பழைய கிளிஞ்சல் படிவுகள் அந்தக் கடலின் மிச்சம். சுண்ணாம்புக்காக அவற்றைத் தோண்டி எடுத்த காலமும் உண்டு.

முகத்துவாரம், முகத்துவாரம்னு மீனவங்க எல்லாரும் அதையே பேசுறாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு சில வாரங்கள் கடலில் மிதந்து, ஏற்றநீரோடு முகத்துவாரம் வழியாகக் காயலுக்குள் நுழைகிறது. உள்ளே அலை கிடையாது, பெரிய மீன் குறைவு, பாசியும் சேறும் நிறைய. அங்கே சில மாதங்கள் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா, பால்கெண்டை, சேற்று நண்டு என்று பலவற்றின் வாழ்க்கையும் கடலும் காயலுமாகப் பிரிந்தே கிடக்கிறது. வாசல் அடைபட்டால் உள்ளே வரவேண்டியது வராது, வெளியே போகவேண்டியது போகாது.

அடுத்தது உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வாய்களை ஒட்டிய காயல் நீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். வெயில் காலத்தில் முகத்துவாரம் மூடி, ஆறும் வறண்டால், வட பகுதியில் உப்பு 50 கிராமையும் தாண்டும். பிறகு நீரே வற்றி வெள்ளைப் படலமாக உப்பு பூத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் மீனவக் குடும்பம் ஒன்றுக்கு வேலையே இல்லை. முகத்துவாரம் மூடிவிட்டது என்று ஒரு மீனவர் சொன்னால், அடுப்பு எரிவது சிரமம் என்று அர்த்தம்.

அப்போ மூடினா பொக்லைன் வெச்சுத் தோண்டிவிட்டா முடிஞ்சுதே?

தோண்டுகிறார்கள். ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் வெட்டிவிட்டதும் உண்டு. ஆனால் வெட்டிய இடத்தைக் கடல் மறுபடி நிரப்பிவிடும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தபடியே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்ச காலம் திசை திரும்பும். மணல் நகரும் பாதையில் வெட்டிய வாய் தானாகத் திறந்து நிற்க வேண்டுமானால், உள்ளிருந்து ஆற்றுநீர் விசையோடு வந்து மணலைத் தள்ள வேண்டும்.

ஆரணியாற்றின் நீர் மேலே அணைகளிலும் தடுப்பணைகளிலும் நின்றுவிடுகிறது. ஆற்று மணலும் அள்ளப்பட்டிருக்கிறது. உள்ளிருந்து தள்ளும் விசை குறைந்துவிட்டது. அண்மைய ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு முகத்துவாரத்தில் கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் அமைக்கும் வேலையை எடுத்தது. மீனவர்கள் நெடுங்காலம் கேட்டுவந்தது அது. வாய் திறந்திருக்க அது உதவும். ஆனால் கடலுக்குள் நீட்டிய எந்தச் சுவரும் ஒரு பக்கம் மணலைச் சேர்த்து மறுபக்கம் கரையை அரிக்கும். வடக்கே இருக்கும் குப்பங்களின் கரையைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பூநாரை பார்க்கத்தான் வந்தோம். எப்போ வரும், எங்க நிக்கும்?

அக்டோபர் கடைசியிலிருந்து வரத் தொடங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிறைய இருக்கும். கோடை வரை தங்குவதும் உண்டு. நல்ல மழை பெய்த ஆண்டில் ஏரியில் ஆழம் அதிகமாக இருக்கும், பூநாரைகள் தாமதமாகத்தான் நெருங்கும். முழங்கால் அளவு நீர்தான் அவற்றுக்கு வசதி. ஆழமில்லாத ஏரி என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதுதான் இவை இங்கே வரக் காரணம்.

பழவேற்காடு ஊரிலிருந்து தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை நல்லது. இரு பக்கமும் ஏரி. ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழாவும் சூளூர்ப்பேட்டையில்தான்.

தலையைத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு என்ன பண்ணுது?

சாப்பிடுகிறது. பூநாரையின் அலகு நடுவில் மடங்கியிருக்கும். தலையைக் கவிழ்த்தால் மேல் அலகு கீழே வரும். தடித்த நாக்கை முன்னும் பின்னும் அசைத்து நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகளில் பாசியும் நுண்ணிய ஓட்டுயிர்களும் தங்கிவிடும். பைனாகுலர் இருந்தால் கால்களைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்கும், கலங்கிய நீரை அப்படியே வடிகட்டும்.

அந்த நிறமும் உணவிலிருந்து வருவதுதான். பாசியிலும் ஓட்டுயிர்களிலும் உள்ள நிறமி இறகில் ஏறுகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை வேறு இனமோ நோயாளியோ அல்ல, இளம் பறவைகள். நிறம் ஏற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

இங்கேயே கூடு கட்டுமா?

பூநாரைகள் இங்கே இரை தேட வருகின்றன. இந்தியாவில் அவை பெருங்கூட்டமாகக் கூடுகட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். கூழைக்கடா கதை வேறு. சூளூர்ப்பேட்டைக்கு அருகே நேலப்பட்டு என்ற ஊரின் நன்னீர்க் குளத்தில், நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு வைக்கின்றன. மீன் பிடிக்கப் பழவேற்காட்டுக்குப் பறந்து வந்து, குஞ்சுகளுக்குக் கொண்டு போகின்றன. குளம் ஓரிடத்தில், சோறு ஓரிடத்தில். ஏரியை மட்டும் காப்பாற்றிச் சுற்றியுள்ள குளங்களை விட்டுவிட்டால் கூழைக்கடா மிஞ்சாது.

வேற என்னென்ன பார்க்கலாம்?

மஞ்சள் மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து, உள்ளான் வகைகள், மூக்கன்கள், ஆலாக்கள், கடற்காகங்கள். வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருகிறது. தீவின் கடல் பக்கத்து மணலில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும்.

டச்சுக்காரங்க இவ்வளவு தூரம் வந்து இந்தச் சின்ன ஊர்ல ஏன் கோட்டை கட்டினாங்க?

அப்போது இது சின்ன ஊர் இல்லை. விஜயநகரப் பேரரசின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர் இந்தக் கரையை விவரிக்கும்போது, முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் இங்கே செழிப்பாக இருந்ததையும், பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்து இறங்கியதையும் எழுதியிருக்கிறார். பாய்மரக் கப்பல்கள் வெளிக்கடலில் நிற்கும். சிறு படகுகள் முகத்துவாரம் வழியே சரக்கை உள்ளே கொண்டுவரும். புயலுக்கு ஒதுங்கக் காயல் இருந்தது. பின்னிலத்தில் நெசவாளர் ஊர்கள் இருந்தன.

டச்சுக்காரர்களுக்குக் குறி துணி. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அங்கே கேட்கப்பட்டது பணமல்ல, சோழமண்டலக் கரையின் துணி. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் 1610-இல் அனுமதி பெற்றுப் பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அதை அழித்தார்கள். அதன் பிறகு 1613-இல் எழுந்ததுதான் கெல்திரியா கோட்டை. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் பழவேற்காடு. இங்கே வெடிமருந்துகூடத் தயாரித்தார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கட்டம் போட்ட பளையகாட் கைலி இன்றும் கடைகளில் கிடைக்கிறதே, அந்தப் பெயர் இந்த ஊருடையது.

சென்னை உருவானதுக்கும் பழவேற்காட்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. ஆங்கிலேயர் பழவேற்காட்டில் இடம் பிடிக்கப் பார்த்தார்கள், டச்சுக்காரர்கள் விடவில்லை. 1626-இல் ஏரியின் வடமுனைக்கு அருகில், இன்றைய துகராஜப்பட்டினத்தில், ஆர்மகான் என்ற பண்டகசாலையை வைத்தார்கள். அங்கே வியாபாரம் சரியாக அமையவில்லை. அதன் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டே தெற்கே இறங்கி 1639-இல் வாங்கிய இடம்தான் மதராசப்பட்டினம். ஏரியின் தென்முனையில் இடம் கிடைக்காமல், வடமுனையில் பிழைக்க முடியாமல், சென்னைக்குப் போனார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதே இல்லை என்பது எனக்கு ஆற்றாமை.

அடிமை வியாபாரம் நடந்ததா? அதைப் பத்தி யாரும் சொல்றதில்லையே?

நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், பசியில் தங்களையோ பிள்ளைகளையோ விற்றவர்களும், தரகர்கள் பிடித்துக் கொடுத்தவர்களும் சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்து படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பழவேற்காடு அதில் முக்கியமான துறை. வாங்கியவர்கள் ஐரோப்பியர்கள், பிடித்துக் கொடுத்த தரகர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள்.

டச்சுக் கல்லறைக்குப் போகிறவர்கள் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும், எழுத்து புடைத்து நிற்கும் கருங்கல் பலகைகளையும் படம் எடுப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும், அருமையான கல் வேலை. அங்கே பெயரோடு படுத்திருப்பவர்கள் அதிகாரிகளும் வணிகர்களும் அவர்கள் குடும்பத்தாரும். கப்பலேறியவர்களுக்குக் கல் இல்லை. பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோட்டை எங்க? தேடியும் கிடைக்கலையே!

புதர்தான் இருக்கும். அகழியின் தடமும் மேடுகளும் சிதைந்த கல்லும் மிச்சம். கல்லறை மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒழுங்காக இருக்கிறது. ஊருக்குள் மரக்காயர்களின் பழைய பள்ளிவாசல்களையும், மகிமை மாதா கோவிலையும், ஆதிநாராயணப் பெருமாள் கோவிலில் உள்ள குட்டிக் குட்டி இராமாயணச் சிற்பங்களையும் விட்டுவிடாதீர்கள். முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகள் கிடைத்தால் வாங்குங்கள்.

ராக்கெட் விட இந்தத் தீவை ஏன் பிடிச்சாங்க?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்தச் சுழற்சி வேகம் இலவசமாகக் கிடைக்கும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது கூடும். கிழக்கே திறந்த கடல் இருந்தால் கழன்று விழும் பாகங்கள் ஊர் மேல் விழாது. ஆள் நடமாட்டம் குறைவான, காவல் போட வசதியான இடமும் வேண்டும். எல்லாம் பொருந்தியதால் 1969-இல் ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் பறந்தது. 2002 முதல் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர்.

'ஆள் நடமாட்டம் குறைவு'ன்னா, யாருமே இல்லையா?

இருந்தார்கள். தீவின் காட்டில் யானாதிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். கிழங்கு, தேன், மூலிகை, மீன் இவற்றை நம்பிய பழங்குடியினர். 1835-இல் அன்றைய அரசு தீவைத் தன் பொறுப்பில் எடுத்தபோது அவர்களைக் காட்டுப்பொருள் சேகரிக்கும் வேலைக்கு வைத்தது. தீவின் விறகு மதராஸ் நகரத்து அடுப்புகளுக்குப் போனது. ராக்கெட் தளம் வந்தபோது அவர்கள் பழைய குடியிருப்புகளை விட்டு நகர்த்தப்பட்டார்கள். இன்றும் ராக்கெட் ஏவும் நாளில் சுற்றுவட்டார மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது.

ஆனா ராக்கெட் தளம் வந்ததாலதானே காடு பிழைச்சுது?

பாதி உண்மை. வெளியாட்கள் நுழைய முடியாததால், இந்தக் கரையில் வேறெங்கும் அழிந்துபோன உலர் பசுமைமாறாக் காட்டின் நல்ல துண்டு ஒன்று தீவில் நிற்கிறது. தேவாங்கும் புள்ளிமானும் நரியும் அங்கே உண்டு. ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் அந்த மாதிரி காடு என்ன ஆனது என்று நினைத்தால் இதன் அருமை புரியும்.

மீதிப் பாதி, சாலை. பூநாரை பார்க்க வசதி என்று நான் மேலே சொன்ன அதே சாலை ஏரியைக் குறுக்கே வெட்டுகிறது. கரை மாதிரி எழுப்பிய சாலையில் சில மதகுகள் வழியாகத்தான் நீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக முடிகிறது. வட பகுதி சீக்கிரம் வறண்டு, உப்பேறி, தூர்ந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நாட்டுக்கு ராக்கெட் தளம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சாலையில் கூடுதல் நீர்வழி விடுவதற்கு ராக்கெட் அறிவியல் தேவைப்படாது.

பக்கிங்ஹாம் கால்வாய் இந்த ஏரி வழியாவா போச்சு?

ஆமாம். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய், பிறகு பழவேற்காடு வரைக்கும், அதைத் தாண்டி வடக்கேயும் நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பசித்த மக்களை வைத்து ஒரு பகுதி வெட்டப்பட்டது. விறகும் உப்பும் சுண்ணாம்பும் படகுகளில் சென்னைக்கு வந்தன. பழவேற்காடும் எண்ணூர்க் கழியும் இன்றும் நீரால் இணைந்திருப்பதற்கு அந்தக் கால்வாயும் ஒரு காரணம்.

'பாடு'ன்னு சொல்றாங்களே, அது என்ன சட்டமா?

அரசாங்கச் சட்டம் இல்லை, ஊர்ச் சட்டம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் போகும் வழியில் சில இடங்கள்தான் சுத்துவலை கட்டத் தோதானவை. எல்லோரும் ஒரே நாளில் அங்கே போனால் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டன. எந்த நாள் எந்த ஊர், ஊருக்குள் எந்த இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். நல்ல இடம் இன்று எனக்கு, அடுத்த முறை உனக்கு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கேரளக் காயல்களிலும் இதே பெயரில் இதே ஏற்பாடு இருக்கிறது.

வலையும் நாளும் எண்ணி விடப்படுவதால் காயல் அளவுக்கு மீறிச் சுரண்டப்படாமல் நின்றது. அறிவியலாளர்கள் பாராட்டி எழுதும் ஏற்பாடு இது. நானும் பாராட்டுகிறேன், அடுத்த கேள்வியையும் சேர்த்துக்கொண்டு.

பாடு முறையில பேரு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?

அதுதான் இதன் குறை. உரிமை பிறப்பால் வருவது, பட்டினவர் என்ற மீனவச் சமூகத்து ஊர்களின் ஆண்களுக்கு. பிற ஊர்களும், வேறு தொழிலிலிருந்து மீன்பிடிக்க வந்தவர்களும் நல்ல இடங்களுக்கு வெளியே நிற்கிறார்கள். அதனால் சச்சரவு வந்திருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரா எல்லைத் தகராறு தனி.

இருளர் பெண்களைப் பாருங்கள். இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடியே நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் துழாவும். அகப்பட்ட இறால், பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போகும். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பிடிக்கப் பல்தான். மணிக்கணக்கில் அப்படி. சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், உப்புநீர் அந்தப் புண்ணை ஆறவிடாது. வலையும் படகும் இல்லாமல், ஏரிக்கு ஒரு கேடும் செய்யாமல் நடக்கும் மீன்பிடிப்பு இது. பேச்சுவார்த்தைகளில் இவர்களுக்கு நாற்காலி போடுவது மிக அரிது.

இறால் பண்ணை வெச்சா எல்லாருக்கும் வேலை கிடைக்குமே?

1990-களில் இதைச் சொல்லித்தான் கரை முழுக்கக் குட்டை வெட்டினார்கள். குட்டையின் கழிவுநீர் காயலில் கலந்தது, பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உப்பாயின. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. அதில் சிலிகா, பழவேற்காடு ஏரிகளின் பெயரையே குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. தீர்ப்புக்குப் பிறகு வந்த சட்டங்கள் அதை நீர்க்கச் செய்தன. பண்ணையில் வேலை சிலருக்கு. காயலில் வேலை, முகத்துவாரம் திறந்திருக்கும் வரை, ஊருக்கே.

காட்டுப்பள்ளி துறைமுகம் எங்கயோ தெற்கே இருக்கு. அதுக்கு ஏன் இங்க இருக்கறவங்க எதிர்ப்பு தெரிவிக்கறாங்க?

மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது என்று முன்பே சொன்னேன். சென்னைத் துறைமுகம் கட்டியபோது அதன் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. இரண்டுக்கும் வடக்கே இருப்பது பழவேற்காட்டின் மணல் திட்டும் அதன் மேல் இருக்கும் குப்பங்களும். திட்டு சில இடங்களில் மிகக் குறுகல். கடல் அதை உடைத்தால் காயல் கடலாகிவிடும்.

காட்டுப்பள்ளியை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் வந்தபோது அதனால்தான் மீனவர்கள் எதிர்த்தார்கள். என் கருத்தும் அதுவே, கூடாது. கொசஸ்தலையாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சதுப்பு, வட சென்னையின் வெள்ளம் வடியும் இடமும்கூட. 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சரணாலயம்னு போர்டு இருக்கு. அப்போ மீன்பிடிக்கறது தப்புதானே?

தப்பில்லை. ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மீனவர் அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இங்கே இருக்கிறார்கள். சரணாலயம் அறிவித்தால், அங்கே யாருக்கு என்ன உரிமை என்று விசாரித்துத் தீர்த்துவைக்க வேண்டும். அந்த வேலை பல பத்தாண்டுகள் இழுத்தடிக்கப்பட்டதால் பட்டா நிலம் வைத்திருப்பவர்கூட வீடு கட்ட, சாலை போடத் திண்டாடினார்கள். அந்தக் கோபத்தைக் காட்டி, சரணாலயத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வளையத்தையே குறைத்துவிடலாம் என்று தொழிற்சாலைக்காரர்களுக்கு வசதியான வாதம் எழுகிறது. மீனவரின் உரிமையைத் தீர்ப்பது ஒன்று, வளையத்தைச் சுருக்குவது வேறொன்று. முன்னதைக் கேட்கிறவர்களின் தலையில் பின்னதைக் கட்டக் கூடாது.

முக்கியமான ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலான ராம்சர் பட்டியலைப் பற்றியும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அதில் முதலில் இடம்பெற்றது கோடியக்கரை, 2002-இல். 2022-இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம் எனப் பல சேர்ந்தன. அந்த வரிசையில் பழவேற்காடு வரவில்லை.

படகுல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா? கரையில கூப்பிடறாங்களே.

வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. முகத்துவாரத்தில் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் குளிக்கவும் இறங்க வேண்டாம்.

சென்னையிலிருந்து ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமா?

முடியும். மீஞ்சூர், பொன்னேரி வழியாக ஏறக்குறைய 55, 60 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பி, வெயிலுக்கு முன் பறவை பார்த்துவிட்டு, பிறகு கல்லறையும் பள்ளிவாசலும் கோவிலும். நேலப்பட்டையும் பார்க்க வேண்டுமானால் தனி நாள் ஒதுக்குங்கள், அது சூளூர்ப்பேட்டை வழி. தொப்பி, குடிநீர், பைனாகுலர் கட்டாயம். ட்ரோன் பறக்கவிடாதீர்கள். ராக்கெட் தளம் பக்கத்தில் இருப்பதால் மட்டுமல்ல, கூட்டம் கலைந்து பறந்தால் பறவைகள் இரை தேடும் நேரத்தை இழக்கின்றன. மதியம் இறால், நண்டு, மடவை வாங்க நினைத்தால் மீன் விற்கும் பெண்களிடம் நேரடியாக வாங்குங்கள், ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். கைப்பிடி இறால் என்று கேட்டால் இருளர் பெண்கள் பிடித்தது கிடைக்கும். வலை இறாலைவிடக் கொஞ்சமாகத்தான் வரும், பேரம் பேசாமல் கொடுங்கள்.